அத்தியாயம் ஒன்றின் 31 பிரதிகள்: பேக்டரி பஸ்ஸில் எழுதி முடித்த ஒரு நாவல்

இந்த ஆய்வில் வரும் எழுத்தாளருக்கு வயது 46. மலேசியாவில், பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் பிறையில் குடியிருக்கிறார். தீவில் உள்ள பாயான் லெப்பாஸில் ஓர் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் ஏழுக்கு ஏழு ஷிப்ட் வேலை. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஆனால் நடந்ததை எழுதச் சொன்னவரும் அவர்தான். "என்னை மாதிரி மாட்டிக்கிட்டு நிக்கிறவங்க இன்னும் நாலு பேராவது இருப்பாங்க தம்பி, அவங்களுக்கு உதவும்" என்றார். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

பின்னணி

அக்காவுக்கு எழுத்து புதிதல்ல. ஞாயிறு பதிப்புகளில் இருபதுக்கு மேற்பட்ட சிறுகதைகள் வந்திருக்கின்றன. போட்டிகளில் ஆறுதல் பரிசு, இரண்டாம் பரிசு என்று வாங்கியிருக்கிறார். 2019-இல் தமிழ் நேசன் நின்றபோது, தன் முதல் கதையைப் போட்ட பத்திரிகை போய்விட்டதே என்று எனக்கு போன் செய்து அழுதவர்.

நாவலுக்கான கரு 2018-இல் வந்தது. செபராங் பிறையில் ஒரு ரப்பர் தோட்டம் கைமாறுகிறது. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டிய ஒரு குடும்பம். மூத்த மகள் தீவுக்கு பேக்டரி வேலைக்குப் போகிறாள். தங்கை, தோட்டத்தை விட்டு வர மறுக்கும் அம்மாவோடு இருந்துவிடுகிறாள். காலம் 1982. பாயான் லெப்பாஸில் சுதந்திர வர்த்தக மண்டலம் 1972-இல் தொடங்கியது. அதன் பிறகு ரப்பர் பால்வாளி தூக்கிய கைகள் மைக்ரோஸ்கோப்புக்கு மாறிய கதை நம் குடும்பங்களில் நிறைய உண்டு. அக்காவின் பெரியம்மா அப்படிப் போனவர்.

என்னிடம் பிரதி வந்தது 2022 தொடக்கத்தில். கையில் மூன்று அத்தியாயங்கள், சுமார் 11,000 சொற்கள். மூன்றும் நன்றாக இருந்தன என்று சொன்னால் போதாது. காலைப் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் ஆள் கணக்கெடுப்பதற்கு, முன்னால் இருட்டில் அம்மா அடுப்பை ஊதும் அந்த முதல் அத்தியாயத்தைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆனால் நான்கு வருடத்தில் நாலாவது அத்தியாயம் என்று ஒன்று இல்லை.

"நேரமே இல்ல தம்பி" என்றார். நானும் நம்பினேன். அங்கேதான் என் முதல் தவறு.

தவறான மருந்து

நான் கையெழுத்துப் பிரதிகளைப் படித்துக் கருத்துச் சொல்லும் வேலையைப் பல வருடமாகச் செய்துவருகிறேன். எழுத நேரமில்லை என்று யார் வந்தாலும் ஒரே பதில்தான் வைத்திருந்தேன்: காலையில் ஒரு மணி நேரம் முன்னதாக எழுந்திருங்கள், தினமும் ஒரே நேரத்தில் உட்காருங்கள், ஆயிரம் சொல் எழுதாமல் எழுந்திருக்காதீர்கள். அக்காவுக்கும் அதையே சொன்னேன்.

அக்காவின் வேலை நான்கு நாள் பகல், இரண்டு நாள் ஓய்வு, அப்புறம் நான்கு நாள் இரவு, மறுபடி இரண்டு நாள் ஓய்வு. பகல் ஷிப்ட்டுக்கு 5.30-க்கு பஸ் வந்துவிடும். நான் சொன்னபடி செய்ய அவர் நாலு மணிக்கு எழுந்தார். இரவு ஷிப்ட் வந்ததும் அந்த நாலு மணி வேலை நடக்கும் நேரமாகிவிட்டது. இரண்டு வாரத்தில் கண் சிவந்து, முகம் வீங்கி வந்து உட்கார்ந்தார். எழுதியது 600 சொல். அதையும் அழித்துவிட்டேன் என்றார். பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை செய்யும் ஒருவரிடம் தூக்கத்தைக் குறைக்கச் சொன்னது என் தப்பு. அன்றைக்கே மன்னிப்புக் கேட்டேன்.

மூன்று வாரக் கணக்கு

சரி, மருந்தை நிறுத்திவிட்டு முதலில் நோயைப் பார்ப்போம் என்று தோன்றியது. "அக்கா, எதையும் மாத்த வேண்டாம். எப்பவும் போல எழுதுங்க. ஆனா ஒவ்வொரு தடவையும் நாலு விஷயம் குறிச்சு வைங்க" என்றேன். எப்போது உட்கார்ந்தார், எத்தனை நிமிடம், எந்த இடத்திலிருந்து படிக்கத் தொடங்கினார், புதிதாக எத்தனை சொல்.

மூன்று வாரம் கழித்து வந்த கணக்கைப் பார்த்து இருவருமே சற்று நேரம் பேசவில்லை. பதினான்கு தடவை உட்கார்ந்திருக்கிறார். மொத்தம் 9 மணி 20 நிமிடம். நேரம் இல்லை என்பது உண்மை இல்லை. துண்டு துண்டாக, ஆனால் இருந்திருக்கிறது. புதிதாக எழுதியது 410 சொல். பதினான்கில் பதினோரு தடவை முதல் அத்தியாயத்தின் முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கியிருக்கிறார். படிக்கும்போது ஒரு சொல் உறுத்தும். அதை மாற்றுவார். மாற்றியதும் அடுத்த வரி உறுத்தும். நாற்பது நிமிடம் அதிலேயே போய்விடும்.

கைப்பேசியை வாங்கிப் பார்த்தேன். "அத்1", "அத்1 புது", "அத்1 கடைசி", "அத்1 கடைசி 2", "அத்1 இதுதான்" என்று வரிசையாக இருந்தன. எண்ணினோம். முதல் அத்தியாயத்துக்கு 31 பிரதிகள்.

இதைச் சோம்பேறித்தனம் என்றோ பயம் என்றோ சொல்லிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இது நம் ஊர் எழுத்தாளர்களின் கைப்பழக்கம். மலேசியாவில் தமிழில் எழுத வருகிற பெரும்பாலோர் சிறுகதை வழியாகத்தான் வருகிறோம். ஞாயிறு பதிப்பு, சங்கத்தின் போட்டி, பல்கலைக்கழகப் பேரவையின் போட்டி, பொங்கல் மலர், தீபாவளி மலர். ஒரு கதை நாலைந்து பக்கம். அதை மேலிருந்து கீழாக இருபது தடவை படித்து, இருபது தடவை இழைக்கலாம். இழைத்தால் நன்றாக வரும். அந்த இழைப்புக்குத்தான் பரிசும் கிடைக்கிறது. இருபது வருடம் அப்படியே பழகிய கை, நாவலிலும் அதையே செய்கிறது. எழுத உட்காரும்போதெல்லாம் தொடக்கத்திலிருந்து படித்துவிட்டுத்தான் எழுத வேண்டும் என்று அதற்குத் தெரியும். மூன்றாவது அத்தியாயம் வரைக்கும் இது தாங்கும். அதற்கு மேல், படித்து முடிப்பதற்குள் பஸ் பாயான் லெப்பாஸ் வந்துவிடும்.

இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. முதல் அத்தியாயத்தை அக்கா, எழுதுகிறவர்கள் கூடும் எங்கள் மாதச் சந்திப்பில் வாசித்திருந்தார். ஒருவர் வட்டார வழக்கு அதிகம் என்றார், இன்னொருவர் போதாது என்றார். ஒவ்வொரு கருத்துக்கும் ஒரு பிரதி பிறந்திருக்கிறது.

என்ன செய்தோம்

முதலில் அந்த மூன்று அத்தியாயங்களையும் அச்செடுத்தோம். பட்டர்வொர்த்தில் ஒரு நகல் கடையில் கொடுத்து ஸ்பைரல் போட்டு வாங்கி, நான் என் வீட்டு அலமாரியில் வைத்துப் பூட்டினேன். கைப்பேசியிலிருந்து 31 பிரதிகளும் போயின. அழிக்கும்போது அக்காவின் விரல் நடுங்கியது. நாவல் முடிகிற வரை அலமாரி திறக்கப்படாது என்று பேச்சு.

அப்புறம் இடம். கடிகாரத்தோடு கட்டிய பழக்கம் ஷிப்ட் மாறும்போது அறுந்துவிடும் என்று பார்த்துவிட்டோம். பகல் ஷிப்ட்டானாலும் இரவு ஷிப்ட்டானாலும் மாறாமல் இருப்பது ஒன்றுதான்: வேலைக்குப் போகும் பஸ். ஏறினால் ஏறத்தாழ ஐம்பது நிமிடம். இடது பக்கம், மூன்றாவது வரிசை, ஜன்னலோரம். எழுத்தை அந்த இருக்கையோடு கட்டினோம். வீட்டில் எழுத வேண்டியதில்லை. ஓய்வு நாளில் எழுதவே கூடாது. எழுதுவது கைப்பேசியில் தமிழ் தட்டும் செல்லினத்தில், ஒரு கட்டை விரலால். முத்து நெடுமாறன் உருவாக்கிய அந்தச் செயலி இல்லாவிட்டால் இந்த நாவலே இல்லை என்று அக்கா முன்னுரையில் நன்றி எழுதியிருக்கிறார்.

ஒவ்வொரு முறையும் கடைசி ஐந்து நிமிடம், பாலத்தை விட்டு இறங்கியதும், "அடுத்து" என்று போட்டு ஒரே ஒரு வரி. மறுநாள் என்ன நடக்கப்போகிறது என்பது அந்த வரி. உதாரணத்துக்கு ஒன்று: "அடுத்து: கிராணி வீட்டு வாசலில் அம்மா செருப்பைக் கழற்றுகிறாள், கழற்ற வேண்டாம் என்று தங்கை கையைப் பிடிக்கிறாள்." (கிராணி என்றால் தோட்டத்துக் கணக்கர்.) மறுநாள் பஸ்ஸில் ஏறியதும் பழையதைப் படிக்காமல் அந்த ஒரு வரியிலிருந்து தொடங்க வேண்டும். காட்சி பாதியில் நின்றிருந்தால் இன்னும் நல்லது. ஒரு காட்சியை முடித்துவிட்டு நிறுத்தினால் மறுநாள் வெறும் தரையில் நிற்க வேண்டும். பாதியில் நிறுத்தினால் செருப்பு பாதி கழன்று காத்திருக்கும்.

இதில் ஒரு சிக்கல். பழையதைத் திருத்தக் கூடாது என்றால், திருத்த வேண்டும் என்று தோன்றுவதை என்ன செய்வது? அதற்கு அக்காவே வழி சொன்னார். பலசரக்குக் கடையில் கடன் எழுதுவார்களே, அந்த 555 நோட்டு. சட்டைப் பையில் அடங்கும் அளவு. இரண்டாம் அத்தியாயத்தில் அப்பாவின் சைக்கிள் கறுப்பா பச்சையா என்று சந்தேகம் வந்தால், திரும்பிப் போகாமல் நோட்டில் எழுதிவிடுவார்: "அத் 2, சைக்கிள் நிறம்." கடனை ஒப்புக்கொண்டாகிவிட்டது, சம்பளம் வந்ததும் அடைக்கலாம் என்கிற நிம்மதி. மனசு முன்னால் போகும்.

நாலாவது அத்தியாயம்

பழக்கம் சரியானால் எழுத்து ஓடும் என்று நினைத்தோம். ஓடவில்லை. மூன்று வாரம் ஒழுங்காக எழுதினார். தினம் நூறு, நூற்றைம்பது சொல். ஆனால் என்னிடம் காட்டியபோது, உயிர் இல்லை என்று அவருக்கே தெரிந்திருந்தது. அத்தியாயம் இப்படிப் போயிற்று:

"பாலத்தில் பஸ் போய்க்கொண்டிருந்தது. ஜன்னல் வழியே கடலைப் பார்த்தபடி அவள் தோட்டத்தை நினைத்துக்கொண்டாள்."

அதற்குப் பின் ஆறு பக்கம் நினைவுகள். முதல் மூன்று அத்தியாயங்களிலும் ஓடியாடிய பெண், நாலாவதில் இருக்கையில் உட்கார்ந்து நினைக்கிறாள். நாவல் நின்றதற்கு இதுவும் ஒரு காரணம். நான்கு வருடமாகப் பின்னால் போய்ப் போய்த் திருத்தியதில் இந்தச் சுவர் கண்ணில் படாமலே இருந்திருக்கிறது.

உடைத்தவர், அக்காவின் பழைய சூப்பர்வைசர் அம்மா ஒருவர். ஓய்வு பெற்றவர். ஏதோ விசேஷத்தில் பார்த்தபோது அக்கா நாவலைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். அந்த அம்மா கேட்டாராம்: "எண்பத்து ரெண்டுல பாலம் எங்கம்மா இருந்துச்சு? ஃபெரிலதான போவோம்!"

பினாங்குப் பாலம் திறந்தது 1985 செப்டம்பரில். தினமும் அந்தப் பாலத்தின் மேலேயே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தவருக்கு அது இல்லாத ஒரு காலம் மனதில் வரவே இல்லை. எனக்கும் வரவில்லை. பிரதியை இரண்டு தடவை படித்தவன் நான்.

அக்கா உடைந்துபோவார் என்று நினைத்தேன். மறுநாள் காலை 6.10-க்குப் புலனத்தில் (வாட்ஸ்அப்) குரல் பதிவு வந்தது. குரலில் அப்படி ஒரு துள்ளல். அந்த அம்மா சொன்னதையெல்லாம் கொட்டினார்: பஸ் பட்டர்வொர்த்தில் இறக்கிவிடும், கூட்டத்தோடு ஃபெரிக்கு ஓட வேண்டும், அந்தப் பக்கம் வேறொரு பஸ் நிற்கும், ஒரு ஃபெரியைத் தவறவிட்டால் அந்த பஸ் போய்விடும், சம்பளத்தில் பிடிப்பார்கள். நாலாவது அத்தியாயம் இப்படி மாறியது:

"சங்கிலி இழுபடும் சத்தம் கேட்டதும் ஓடினாள். செருப்பு வார் அறுந்தது. குனிந்து எடுக்க நேரமில்லை, எடுத்தாள். ஒரு கால் வெறுங்காலாக இரும்புத் தளத்தில் ஏறி நின்றாள். ஈரம் சுட்டது."

கதாபாத்திரம் மூன்று வருடம் கழித்துத் திறக்கப்போகும் பாலத்தில் உட்கார்ந்திருந்தவரை அவளுக்குச் செய்ய ஒன்றும் இல்லை. ஃபெரிக்கு வந்ததும் ஓட வேண்டியிருந்தது, நிற்க வேண்டியிருந்தது, யார் பக்கத்தில் நிற்பது என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. பக்கத்தில் நின்றவன்தான் நாவலின் இரண்டாம் பாதி. கதை நகரவில்லை என்று யாராவது சொன்னால் நான் இப்போது முதலில் கேட்பது இதைத்தான்: உங்கள் ஆள் எங்கே இருக்கிறார், உட்கார்ந்திருக்கிறாரா, அந்த இடத்தில் எதையாவது தவறவிட முடியுமா?

தகவல் சரிபார்ப்பு எழுத்து முடிந்தபின் செய்கிற வேலை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். சிறிய விவரங்களுக்கு அது சரி. சைக்கிள் நிறம் 555-இல் கிடக்கலாம். ஆனால் கதாபாத்திரம் எப்படி வேலைக்குப் போகிறாள், யாரிடம் சம்பளம் வாங்குகிறாள், எங்கே தூங்குகிறாள் என்பவை கதையின் எலும்பு. அவற்றை எழுதும் முன்பே, அந்தக் காலத்தில் வாழ்ந்த ஒருவரிடம் உட்கார்ந்து கேட்டுவிட வேண்டும். தேடுபொறியில் பாலம் திறந்த தேதி கிடைக்கும். செருப்போடு ஓடியது கிடைக்காது.

முடிவைப் பற்றிய ஒரு சண்டை

ஃபெரி வந்ததும் அக்காவுக்கு இன்னொரு எண்ணம் வந்தது. 1988 ஜூலை 31, பட்டர்வொர்த் படகுத்துறை இடிந்து விழுந்து 32 பேர் இறந்த நாள். நாவலை அங்கே கொண்டுபோய் முடிக்கலாம் என்றார். பழைய பத்திரிகை நறுக்குகளை ஒரு கோப்பில் சேர்த்தும் வைத்திருந்தார்.

நான் வேண்டாம் என்றேன். இரண்டு மாதம் இதில் எங்களுக்குள் வாக்குவாதம். என் கட்சி இது: இந்த நாவல் இரண்டு சகோதரிகளைப் பற்றியது. அம்மாவை யார் பார்த்துக்கொள்வது என்று அவர்களுக்குள் நடக்கும் சண்டை இருநூறு பக்கம் ஓடுகிறது. கடைசிப் பத்துப் பக்கத்தில் நிஜமாக நடந்த ஒரு பெரிய துயரம் வந்தால் வாசகர் அந்தச் சகோதரிகளை மறந்துவிடுவார். இறந்தவர்களின் குடும்பங்கள் இன்னும் இதே ஊரில்தான் இருக்கின்றன. அவர்களின் இழப்பை நம் கதைக்கு முடிவுரையாகப் பயன்படுத்துவதும் எனக்கு ஒப்பவில்லை. எழுதினால் அதை மட்டுமே எழுத வேண்டும், முழு நாவலாக.

கடைசியில் முடிவெடுத்தது அக்கா. 1985-இல், பாலம் திறந்த பிறகு, கூட்டம் குறைந்த ஃபெரியில் அம்மாவும் மூத்தவளும் மேல் தளத்தில் உட்கார்ந்து வருகிறார்கள். பாலத்தில் போகலாம் என்றால் அம்மா மாட்டேன் என்கிறாள். அவ்வளவுதான். 1982-இல் தொடங்கி 1985-இல் முடியும் அந்த மூன்று வருட அளவை அந்தப் பாலமே கொடுத்துவிட்டது.

இடையில் தடுக்கியவை

வேலை முடிந்து திரும்பும் பயணத்தில் குரலால் பதிவு செய்யலாம் என்று முயன்றோம். நாலு நாள்கூட நிலைக்கவில்லை. பஸ்ஸில் பாட்டு, பக்கத்தில் தூங்குபவர்கள், அதோடு களைப்பு. திரும்பும் பயணம் தூங்குவதற்கு என்று விட்டுவிட்டோம்.

மகனுக்கு எஸ்.பி.எம். என்னும் ஐந்தாம் படிவ அரசுத் தேர்வு வந்தபோது இரண்டு மாதம் ஒரு வரிகூட எழுதவில்லை. திரும்பி வந்தபோது "அடுத்து" வரி காத்திருந்தது. அதிலிருந்தே தொடங்கினார். பழைய வழக்கம் என்றால் முதல் அத்தியாயத்துக்குப் போயிருப்பார்.

மாதச் சந்திப்பில் அக்கா எதையும் வாசிக்காமல் இருந்தது சிலருக்கு வருத்தம். கர்வம் என்று ஒருவர் காதுபடச் சொன்னார். அது அவரை வாட்டியது. ஆனாலும் முதல் வரைவு முடிகிற வரை ஒரே வாசகர் என்ற முடிவில் நின்றார்.

பதின்மூன்று மாதத்தில் முதல் வரைவு முடிந்தது. 41,000 சொற்கள். முன்பே இருந்த 11,000 சொற்களையும் நடுவில் போன இரண்டு மாதத்தையும் கழித்தால், ஒரு பயணத்துக்கு 130, 140 சொல்தான் வருகிறது. ஆயிரம் சொல் கணக்குச் சொன்ன நான் இந்த எண்ணைக் குறித்து வைத்திருக்கிறேன்.

அலமாரியைத் திறந்த நாளில் 555 நோட்டுகள் மூன்று சேர்ந்திருந்தன. 212 கடன்கள். ஒவ்வொன்றாக அடைக்கத் தொடங்கினோம். அவற்றில் 90 கடன்களை அடிக்க வேண்டியதாயிற்று. அந்தக் காட்சியே போய்விட்டது, அல்லது அந்த ஆளே இல்லை. பச்சையா கறுப்பா என்று குழம்பிய சைக்கிளும் போய்விட்டது. உடனுக்குடன் திருத்தியிருந்தால் அந்த 90-க்கும் உழைத்திருப்பார். முதல் அத்தியாயத்தில் மாற்றியது மொத்தம் ஒன்பது வரிகள்.

அச்சும் அதற்குப் பிறகும்

சொந்தச் செலவில் 300 படிகள். ஐ.எஸ்.பி.என். எண்ணை மலேசியத் தேசிய நூலகத்தில் விண்ணப்பித்து வாங்கினோம். அச்சான பிறகு 1986-ஆம் ஆண்டின் நூலக ஒப்படைப்புச் சட்டப்படி ஐந்து படிகளை அதே நூலகத்துக்கு அனுப்ப வேண்டும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். அனுப்பிவிடுங்கள், நம் புத்தகம் நாட்டின் இருப்பில் இருப்பதற்கு அதுதான் வழி.

அச்சில் ஓர் அடி விழுந்தது. பக்கம் அமைத்தவர் தமிழுக்குப் புதியவர். பக்கம் அமைக்கும் மென்பொருளான இன்டிசைனில் உலக மொழிகளுக்கான பத்தி அமைப்பைத் தேர்ந்தெடுக்காமல் விட்டால், ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். நான்கு அத்தியாயங்களில் அப்படி ஆகியிருந்தது. கணினித் திரையில் வேகமாக ஓட்டிப் பார்த்தபோது தப்பிவிட்டது. அக்கா தாளில் அச்செடுத்து, பஸ்ஸில் விரல் வைத்துப் படித்தபோதுதான் "கொடு" என்ற சொல்லில் மாட்டினார். அச்சுக்குப் போவதற்கு இரண்டு நாள் முன்பு. தாளில் படிக்காமல் எந்தப் புத்தகத்துக்கும் ஒப்புதல் கொடுக்காதீர்கள்.

வெளியீட்டு விழா நம் வழக்கப்படிதான்: முதல் நூல் பெறுபவர், மாலை, பணம் வைத்த உறை. அன்று 160 படிகள் போயின. விழாக் கணக்கையும் புத்தகக் கணக்கையும் அக்கா தனித்தனி நோட்டில் எழுதியதால், மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்கும் போனது எவ்வளவு, அச்சுச் செலவு திரும்பியது எவ்வளவு என்று தெளிவாகத் தெரிந்தது. அச்சுச் செலவு வந்துவிட்டது. உழைப்புக்கு வரவில்லை. மீதிப் படிகள் மெதுவாகப் போகின்றன. தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் சிலர் நூலகத்துக்கு வாங்கினார்கள், பெரியம்மாவோடு வேலை செய்த பழைய தோழிகள் ஆளுக்கு இரண்டு வாங்கிப் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள்.

இப்போது அக்கா 1988-ஐ எழுதுகிறார். முழு நாவலாக. அன்று படகுத்துறையில் இருந்த இருவரிடம் பேசிவிட்டுத்தான் தொடங்கினார். போன வாரம் கைப்பேசியை வாங்கிப் பார்த்தேன். ஆறாவது அத்தியாயத்தில் இருக்கிறார். "அத்1" என்ற பெயரில் இரண்டு கோப்புகள் இருந்தன. ஒன்றும் சொல்லாமல் திரையை அவர் பக்கம் திருப்பினேன்.

"முதல் வரியில அந்த அம்மா பேரு தப்பா இருந்துச்சு தம்பி" என்றார். "அதை வச்சுக்கிட்டு என்னால ரெண்டாவது வரிக்குப் போக முடியல."